எழுத்தில் நின்ற வாக்குரிமை

மாணவர்களே! உள்நாட்டுப் போரில் கிடைத்த வெற்றி நிலைத்ததா என்பதைப் போர்க்களம் காட்டாது. பின்னர் வரும் தேர்தல்களே காட்டும். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

அந்நாட்டின் வடபகுதியும் தென்பகுதியும் 1861 முதல் 1865 வரை போரிட்டன. தெற்கு தோற்றது, அடிமை முறை ஒழிந்தது. ஏறத்தாழ 40 இலட்சம் கறுப்பின மக்கள் விடுதலை பெற்றனர். 1867-ஆம் ஆண்டுச் சட்டங்களின்படி, படையினரின் காவலில், தெற்கில் கறுப்பின ஆடவர் வாக்களிக்கலாயினர். 1870-இல் அரசியலமைப்பின் 15-ஆம் திருத்தம் நிறைவேறிற்று. அவ்வாண்டிலேயே மிசிசிப்பி மாநிலத்தின் ஹிராம் ரெவல்ஸ், செனட் சபையில் அமர்ந்த முதற் கறுப்பினத்தவர் ஆனார்.

அத்திருத்தத்தின் வாசகத்தைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். குடிமக்கள் அனைவரும் வாக்களிக்கலாம் என்று அது கூறவில்லை. இனம், நிறம், முன்னாள் அடிமை நிலை ஆகியவற்றைக் காரணங்காட்டி வாக்குரிமையை மறுத்தலாகாது என்றே கூறிற்று. அங்ஙனமாயின், வேறு காரணங்காட்டி மறுக்கலாமன்றோ? இவ்விடைவெளியே பின்னர் பெருங்கேடு விளைத்தது.

முதலில் வன்முறை தலைதூக்கிற்று. கூ கிளக்ஸ் கிளான் போன்ற கூட்டத்தார் வாக்காளரை அச்சுறுத்தினர், கொலையும் புரிந்தனர். 1877-இல் தெற்கிற் காவல் நின்ற கூட்டரசுப் படை விலக்கப்பட்டது. அதன்பின் சட்டமே கருவியாயிற்று. மிசிசிப்பி 1890-இல் இயற்றிய அரசியலமைப்பு, வாக்காளர் 2 டாலர் தலைவரி செலுத்துதல் வேண்டுமென்றது. அன்றியும், மாநில அரசியலமைப்பின் ஒரு பகுதியை வாசித்தல் வேண்டும்; அல்லது பிறர் வாசிக்கக் கேட்டுப் பொருள் கூறல் வேண்டும். கூறிய பொருள் சரியா என்று தீர்ப்பவர் பதிவு அலுவலரே. வெள்ளையர்க்கு எளிய வினாவும் கறுப்பினத்தவர்க்குக் கடிய வினாவும் விடுப்பது அவர் கையில் இருந்தது. இனம் என்னும் சொல் அவ்விதிகளில் இல்லை. ஆயின் நோக்கம் அதுவே.

லூசியானா 1898-இல் இன்னும் ஒருபடி சென்றது. 1867 சனவரி 1-ஆம் நாளிலோ அதற்கு முன்னரோ வாக்குரிமை பெற்றிருந்தோர்க்கும், அவர்தம் மைந்தர், பேரர்க்கும் கல்வி, சொத்துத் தகுதிகள் வேண்டா என்று விதித்தது. அந்நாளில் அங்கே கறுப்பினத்தவர் எவருக்கும் வாக்குரிமை இருந்ததில்லை! 1896-இல் அம்மாநிலத்தில் 1 இலட்சத்து 30 ஆயிரத்துக்கு மேற்பட்டிருந்த கறுப்பின வாக்காளர் தொகை, 1904-இல் சுமார் 1,300 ஆகச் சுருங்கியது. 15-ஆம் திருத்தத்தின் ஓர் எழுத்தும் இதற்கிடையில் மாறவில்லை.

'பாட்டனார் விதி' எனப்பட்ட அவ்வகை விதிகளை உச்ச நீதிமன்றம் 1915-இல் தள்ளியது. எனினும் ஏனைய தடைகள் நீடித்தன. செல்மா நகரில் அறவழியில் நடைப்பயணம் சென்றோர் தடியடிபட்ட பின்னரே, 1965-இல் வாக்குரிமைச் சட்டம் பிறந்தது. முறைகேடு மலிந்த மாநிலங்கள் தேர்தல் விதியை மாற்றுமுன் கூட்டரசின் இசைவு பெறுதல் வேண்டும் என அது பணித்தது. அம்மாநிலங்கள் இவையென வரையறுத்த பிரிவு செல்லாதென 2013-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால் அக்காவல் செயலற்றது.

ஆதலின், மாணவர்களே, எச்சட்டத்தை வாசிப்பினும் அது அளிப்பது யாது, விலக்குவது யாது என்பதோடு நின்றுவிடாதீர்கள். அது சொல்லாது விட்டது யாது என்றும் வினவுங்கள். உரிமை களவுபோவது பெரும்பாலும் அந்த வழியேதான்.