நீருக்குள் நடந்து நலம்பெறும் குதிரைகள்

கூசேன்வில்லில் இருந்து ஆர்.ஈ.ஆர். 'டி' புகையிரதத்தில் வடக்கே சென்றால், சில தரிப்பிடங்களுக்கு அப்பால் சாந்தியி நகர் வரும். லா சப்பல் பக்கமே நாளாந்தம் பயணிக்கும் எம்மவரிற் பலர் அந்நகரைக் கண்டதில்லை. 1834 முதல் அங்கே குதிரைப் பந்தயம் நடைபெறுகின்றது. சுற்றுக் கிராமங்களையும் சேர்த்து 2,000க்கு மேற்பட்ட பந்தயக் குதிரைகள் அங்கு பயிற்சி பெறுகின்றன. நெடுந்தீவின் கட்டற்ற குதிரைகளையே அறிந்த எமக்கு அது வேறோர் உலகம்.

பாய்ந்தோடும் குதிரையின் முன்னங்காலிலுள்ள தசைநாண் கிழிவதே பந்தயத்தின் பெருஞ்சாபம். அது ஆற மாதக்கணக்காகும். முழுநேரமும் லாயத்தில் கட்டிவைத்தால் புதிய நார்கள் ஒழுங்கின்றிப் பின்னிக்கொள்ளும். விரைந்து ஓடவிட்டால் மீண்டும் கிழியும். ஆகவே, காலுக்குப் பாரமும் வேண்டும். அப்பாரம் அளவோடும் இருத்தல் வேண்டும்.

அந்த அளவைத் தருவதற்கு இன்று நீர் பயன்படுகின்றது. ஒடுங்கிய தொட்டியொன்றின் அடியில் நடைபட்டை சுழலும். குதிரை உள்ளே நின்றதும் கதவை மூடி நீரை நிரப்புவர். இடுப்பெலும்பு மட்டத்துக்கு நீர் உயர்ந்தால் கால்கள் தாங்கும் பாரம் ஏறத்தாழ 75 வீதம் குறையும். 500 கிலோ குதிரைக்கு அது 125 கிலோவாகிவிடும். முழங்கை மட்டத்திலோ 10 முதல் 15 வீதமே குறையும். மறுபுறம், நீரின் தடையை எதிர்த்து நடப்பதால் தசையும் இதயமும் வலுப்பெறும். அமெரிக்காவின் கொலராடோ அரச பல்கலைக்கழக ஆய்வாளர் 2017இல் வெளியிட்ட ஆய்வில், மூட்டுவாதம் கண்ட குதிரைகளின் முன்கால் மூட்டு இப்பயிற்சியால் கூடுதலாக மடங்கியது.

எனினும் ஆழமும் வேகமும் மருந்தின் அளவைப் போன்றவை. ஆழம் மிகுந்தால் முதுகு வருந்தும்; ஆறாத புண்ணுடன் நீரில் இறக்கலாகாது; மிரளும் விலங்கைப் படிப்படியாகவே பழக்குதல் வேண்டும். மிருகவைத்தியரின் மேற்பார்வை இன்றியமையாதது.

ஒரு குதிரையின் காலுக்கு இத்தனை பொறுமை காட்டப்படுகின்றது. உணவக அடுக்களையில் பத்து மணித்தியாலம் நின்று, வீங்கிய முழங்காலுடன் மறுநாளும் வேலைக்கு விரையும் எம்மவர் இதனைச் சிந்தித்தல் நன்று. வேலையிடத்தில் விபத்து நேர்ந்தால் 24 மணித்தியாலத்துக்குள் முதலாளிக்கு அறிவியுங்கள். வைத்தியரை நாடி, அவர் எழுதித்தரும் உடற்பயிற்சிச் சிகிச்சையை இடைநடுவில் கைவிடாதீர்கள். ஓய்வெடுத்தபின் ஒரேயடியாகப் பாரம் ஏற்றினால், மனிதக் காலும் தாங்காது.