நமத்துப்போன கிரனோலாவும் காலை ரொட்டியும்

விடியற்காலை வட்டவளைப் பக்கத்து லயங்களில் அடுப்பில் வேகுவது அநேகமாக ரொட்டிதான். கோதுமை மா, தேங்காய்ப்பூ, உப்பு, வெதுவெதுப்பான தண்ணீர். தட்டிச் சுட்டு, கட்டச் சம்பலோடு இரண்டைத் தின்றுவிட்டு, இன்னும் இரண்டைச் சுற்றி எடுத்துக்கொண்டு பெரட்டுக்கு ஓடுவார்கள். 2022 ஜனவரியில் தோட்டக் குடும்பங்களுக்கு அரசு அறிவித்த நிவாரணமும் மாவுதான்: மாதம் 15 கிலோ, கிலோ 80 ரூபாய்க்கு.

வயிறு நிறைகிறது, மறுப்பதற்கில்லை. உடம்பில் என்ன சேர்கிறது என்பதுதான் கேள்வி. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 17 சதவீதம். தோட்டப்புறத்தில் 32 சதவீதம். இந்தப் பழியை ரொட்டியின் தலையில் மட்டும் கட்ட முடியாது. சம்பளம், குடிதண்ணீர், தாயின் உடல்நிலை எல்லாம் இதில் உண்டு. ஆனாலும் நாளைக் காலையே நம் கையால் மாற்றக்கூடியது தட்டில் இருப்பதைத்தான்.

அதற்குக் கிரனோலா உதவும். தானியம், கொட்டை, கொஞ்சம் எண்ணெய், கொஞ்சம் இனிப்பு எல்லாம் சேர்த்து வறுத்தது, அவ்வளவுதான். 1863இல் அமெரிக்காவின் டான்ஸ்வில் ஊரில் ஜேம்ஸ் கேலப் ஜாக்சன் என்ற மருத்துவர் தம் நோயாளிகளுக்குச் செய்துகொடுத்த முதல் வடிவம், இரவே ஊறவைத்தால்தான் காலையில் மெல்ல முடியும் என்கிற அளவுக்குக் கடினமாக இருந்ததாம். திரிபோஷ மாவில் சீனியும் தேங்காய்ப்பூவும் போட்டு உருட்டித் தின்று வளர்ந்த நமக்கு இது ஒன்றும் புதுச் சங்கதி இல்லை.

கடைப் பக்கெட்டின் விலையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஓட்ஸ் இரண்டு கப், கச்சான் அரை கப், எள்ளு இரண்டு மேசைக்கரண்டி. தாச்சியில் எண்ணெய் இரண்டு கரண்டி விட்டு, சிறு தீயில் பதினைந்து நிமிடம் கிளறுங்கள். தேங்காய்ப்பூவைப் பாதியில் போடுங்கள்; முதலிலேயே போட்டால் கருகிவிடும். கித்துள் பாணி மூன்று கரண்டி கடைசியில். நன்றாக ஆறிய பிறகே டின்னில் அடைக்க வேண்டும்.

இங்கேதான் வட்டவளை குறுக்கே வருகிறது. தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவில் மோதும் இந்த ஊரில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை. இலங்கையில் மிக அதிகம் நனையும் இடங்களில் ஒன்று. வறுத்த தானியமும் பாணியும் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஜூன், ஜூலையில் மூடியைச் சரியாக இறுக்காத டின் சீக்கிரமே நமத்துவிடும். நமத்ததைக் கொட்டத் தேவையில்லை, பான்கேக்குக்கு அது போதும்.

அரை கப் கோதுமை மா, அரை கப் குரக்கன் மா, ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு, ஒரு முட்டை, ஒரு கப் பால். கட்டி உடையும் வரை மட்டும் கலக்குங்கள். அதிகம் அடித்தால் கோதுமையின் பசைத்தன்மை இறுகி, பான்கேக் ரப்பர் மாதிரி ஆகிவிடும். பத்து நிமிடம் வையுங்கள், குரக்கன் தண்ணீரை மெதுவாகத்தான் குடிக்கும். கல் சூடானதும் ஒரு கரண்டி மாவை ஊற்றி, கிரனோலாவை அதன் மேலே தூவுங்கள். மாவிலேயே கலந்தால் கூழாகிவிடும். மேலே குமிழி வந்து உடையும்போது திருப்பிப் போட்டு, ஒரு நிமிடத்தில் எடுத்துவிடலாம். திருப்பிய பக்கம் பாணி கருகாமலிருக்கத் தீயைக் குறைப்பது அவசியம்.

குரக்கனைச் சும்மா சேர்க்கச் சொல்லவில்லை. 100 கிராம் குரக்கனில் சுமார் 340 மில்லிகிராம் கல்சியம் உண்டு. வெள்ளைக் கோதுமை மாவில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. முட்டையும் பாலும் தினமும் கட்டுப்படியாகாத வீடுகளில் வழக்கமான ரொட்டி மாவிலேயே பாதி குரக்கனும் ஒரு கைப்பிடி வறுத்து இடித்த பயறும் சேர்க்கலாம். பான்கேக்கைவிட அதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும் என்பது என் கருத்து.

இன்னொன்று: தேயிலையின் துவர்ப்புச் சத்து, உணவிலுள்ள இரும்பை உடம்பு எடுப்பதைக் குறைக்கும். சாயத்தண்ணியைச் சாப்பாட்டோடு குடிக்காமல், ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.