வலியோடு நடப்போருக்கும் வசந்தம் உண்டு

மூட்டுவலி உள்ளவரிடம் "நாள்தோறும் நடவுங்கள்" என்று கூறுவது எளிது. எழுந்து முதல் அடி எடுத்து வைப்பவருக்கே அதன் கடுமை தெரியும். நான் அதை அறிவேன். முழங்கால் தேய்மானம் கண்டபோது, வலி தீர்ந்தபின் நடக்கலாம் என்று ஓராண்டு வீட்டிலேயே அமர்ந்துவிட்டேன். வலி தீரவில்லை, தொடையின் வலிமைதான் குறைந்தது. அடுத்த தெருவிலுள்ள பள்ளிவாசலும் நெடுந்தொலைவாயிற்று.

இத்துன்பம் எனக்கு மட்டும் உரியதன்று. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2019-இல் மூட்டுத் தேய்மான நோயுடன் வாழ்ந்தோர் ஏறத்தாழ 52.8 கோடிப் பேர். அவர்களுள் 36.5 கோடிப் பேருக்கு முழங்காலில் நோய்.

மருத்துவர் எனக்கு அளித்த விளக்கம் இது: மூட்டின் குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய்கள் இல்லை. மூட்டினுள் சுரக்கும் நீர்மமே அதற்கு உணவு. கால் அழுந்தியும் தளர்ந்தும் அசையும்போதுதான் அவ்வுணவு நன்கு சென்று சேர்கிறது. நடப்பதால் தேய்ந்தது மீண்டும் வளர்ந்துவிடாது. ஆயினும் தசைகள் வலுப்பெற்று மூட்டின் சுமையைப் பகிர்ந்துகொள்ளும்.

சென்ற சித்திரையில், சுபுஹுத் தொழுகைக்குப்பின் கைத்தடியுடன் ஆற்றங்கரைக்குச் சென்றேன். காவிரிப் படுகையின் இளவேனிலை நீங்கள் அறிவீர்கள். ஆற்றில் மணல்தான் இருக்கும். மேட்டூர் அணை திறக்க வழக்கமான நாள் ஜூன் 12. உளுந்து அறுவடை முடிந்த வயல்கள் வெடித்துக் கிடந்தன. அந்த வறட்சியின் நடுவே வேம்பு பூத்து மணந்தது. புங்க மரம் புதுத்தளிர் விட்டு நின்றது. கொன்றையில் பொற்சரங்கள் தொங்கின. குயில் ஓயாமல் கூவியது. ஆறு நிறையட்டும் என்று எந்த மரமும் காத்திருக்கவில்லை. வலி தீரட்டும் என்று காத்திருந்த எனக்கு நாணமாக இருந்தது.

நெடுங்காலம் நோயுற்றிருந்த அய்யூப் நபி (அலை) அவர்களின் வரலாற்றைத் திருமறையின் ஸாத் அத்தியாயத்தில் படித்திருப்பீர்கள். காலால் தரையை உதைக்குமாறு அவர்களுக்குக் கட்டளை வந்தது. குளிர்ந்த நீர் கிடைத்தது. அருளியவன் இறைவனே. எனினும், நோயாளியிடமிருந்து ஓர் அசைவு வேண்டப்பட்டதல்லவா?

அதற்காக உடலை வருத்திக்கொள்ளலாகாது. நிற்க இயலாதவர் அமர்ந்து தொழ மார்க்கம் சலுகை அளித்திருக்கிறது. இயன்ற அளவே கடமை. நடைக்கும் அதுவே அளவு. முதலில் பத்து நிமிடம் போதும். வெயில் ஏறுமுன் திரும்பிவிடுங்கள். கைத்தடியை வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடியுங்கள். நடந்தபின் மிகுந்த வலி இரண்டு மணி நேரத்திற்கு மேலும் தணியாவிடில், மறுநாள் தூரத்தைக் குறையுங்கள். மூட்டு வீங்கிச் சூடேறினாலோ, காய்ச்சல் கண்டாலோ, மருத்துவரிடம் செல்லத் தாமதிக்காதீர்கள்.

இன்றும் என் கால் வலிக்கிறது. நான்காவது மரத்தடியில் அமர்ந்து இளைப்பாறியே திரும்புகிறேன். ஆனால் அந்த அரைமணி நேரத்தில் என் நினைவு முழங்காலில் மட்டும் நிற்பதில்லை. வேப்பம்பூவின் மணத்திலும் குயிலின் குரலிலும் தோய்ந்திருக்கிறது. வலி உடன் வருகிறது, வழிநடத்துவது அதுவன்று. நாளை விடியலில் நீங்களும் வாயிற்படியைக் கடந்து பாருங்கள். முதல் மரம்வரை சென்றால் போதும்.