மணலின் நெருக்கத்தை அளப்பது எப்படி?

தேனி மாவட்டத்தில் இராசிங்காபுரத்தை அடுத்த பொட்டிப்புரம் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைக்கத் திட்டமிட்டவர்கள், அங்குள்ள சார்னோகைட் பாறையின் திண்மையை அதற்கொரு விசேஷ காரணமாகக் கூறினர். ஆனால் போடி மலைகளினின்று இறங்கும் கொட்டகுடி ஆறு கொண்டுவந்து சேர்க்கும் மணலைப் போன்றதொரு மணலின்மீது பாலமோ கட்டடமோ எழுப்ப முற்படுவோர், அம்மணல் பூமிக்குள் எத்துணை நெருக்கமாகப் படிந்திருக்கிறது என்பதை அறியாமல் அஸ்திவாரம் இடுவது விவேகமன்று.

படியில் குலுக்கக் குலுக்க நெல் அடங்கி மேலும் இடங்கொடுப்பதுபோல், ஒரே மணல் மிகத் தளர்ந்த நிலைக்கும் மிக இறுகிய நிலைக்கும் இடையே எங்கும் நிற்கக்கூடும். அந்த ஸ்தானத்தைச் சதவீதத்தில் சொல்வதே சார்பு அடர்த்தி. நீரில் ஊறிய தளர்ந்த மணல் பூகம்பத்தின்போது தன் வலிமையை இழந்து திரவம்போல் ஆகிவிடக்கூடும். 2001 ஜனவரி 26 அன்று குஜராத் பூகம்பத்தில் காண்ட்லா துறைமுகத்தின் அலுவலகக் கோபுரம், தூண் அஸ்திவாரம் இருந்தும், அவ்வாறு மண் இளகியதால் சாய்ந்தது.

களிமண்ணைக் குழாயில் குலையாமல் வெட்டி எடுக்கலாம். மணலோ எடுக்கும்போதே சரிந்து தன் இயல்பை இழந்துவிடுகிறது. ஆகையால் துளையிட்ட இடத்திலேயே ஒரு குழாயை நிறுத்தி, 63.5 கிலோ சம்மட்டியை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழவிட்டு அதை அடித்திறக்கி, முதல் 15 செ.மீ. இறக்கத்தைத் தள்ளிவிட்டு, அடுத்த 30 செ.மீ. இறங்க எத்தனை அடி வேண்டியிருந்தது என்று எண்ணுகிறார்கள். 10-க்குள் அடங்கினால் தளர்ந்த மணல், 30-ஐத் தாண்டினால் இறுகிய மணல் என்று மண்ணியல் பொறியாளர்களான டெர்சாகியும் பெக்கும் 1948-இல் வகுத்த அட்டவணை இன்றும் வழக்கிலுள்ளது.

எனினும் அந்த எண்ணிக்கையை அப்படியே நம்புவது பெரும் பிசகு என்பதை வெளிப்படுத்தியது ஆய்வுக்கூடச் சோதனையே. 1957-இல் அமெரிக்கப் பொறியாளர்களான கிப்ஸும் ஹோல்ட்ஸும், அடர்த்தி இன்னதென்று தெரிந்த மணலை ஒரு பெரிய தொட்டியில் நிரப்பி, மேலிருந்து பாரம் ஏற்றி, அதே சம்மட்டிச் சோதனையை அதனுள் நடத்தியபோது, அடர்த்தி மாறாதிருந்தும் பாரம் கூடக் கூட அடிகளின் தொகையும் கூடுவதைக் கண்டனர். ஆழத்தில் உள்ள தளர்ந்த மணல், மேலுள்ள மண்ணின் பாரத்தால், இறுகியதுபோல் வேஷமிடுகிறது என்பதே அதன் தாத்பரியம். இந்தியத் தர நிர்ணய விதியாகிய ஐ.எஸ். 2131, பாரத்துக்கேற்ற திருத்தத்தை வற்புறுத்துவது இக்காரணம் பற்றியே.

தொட்டிக்கும் குறையுண்டு: அதன் சுவர் மணலை நெருக்குவதால் எதிர்ப்பு வேறுபடும், நேற்றுப் பொழிந்து நிரப்பிய மணல், பல்லாயிரம் ஆண்டு படிந்து பிணைந்த மணலுக்கு முற்றும் நிகராகாது. ஆயினும், அடர்த்தியை முன்னதாகவே அறிந்துகொண்டு சோதிக்க வேறு வழி எளிதில் இல்லை.

மண் பரிசோதனை அறிக்கையைக் கையிற் பெறும் அன்பர்கள், அதில் கண்ட அடிக்கணக்கு ஆழத்துக்கேற்பத் திருத்தப்பட்டதுதானா என்று பொறியாளரிடம் கேட்டுத் தெளிவது நலம்.