கல் பேச ஓர் ஏடு வேண்டும்



சேத்தியாத்தோப்பிலிருந்து விருத்தாசலம் செல்லும் சாலை நமக்குப் பழகியதே. அந்த விருத்தாசலத்தின் பெயர் 1846-ஆம் ஆண்டிலேயே இலண்டன் நிலவியல் கழகத்தின் ஏட்டில் அச்சேறிவிட்டது என்றால் வியப்பாக இல்லையா? புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் கே, கன்லிஃப் என்ற இருவர் திரட்டிய புதைபடிவங்களை எட்வர்டு ஃபோர்ப்ஸ் என்னும் அறிஞர் அதில் விவரித்தார். பல கோடி ஆண்டுகளுக்கு முன் இப்பகுதிகளில் கடல் பரவியிருந்தது என்பதற்கு அக்கற்களே சாட்சி.

சாட்சி இருந்தால் போதாது. அதன் வாக்குமூலம் பதிவாக வேண்டும். அந்தப் பணியைச் செய்பவையே தொல்லுயிரியல் ஆராய்ச்சி இதழ்கள். படிவம் கிடைத்த ஊர், பாறை அடுக்கு, அளவு, படம், அது காக்கப்படும் காட்சியகம் ஆகிய அனைத்தையும் கட்டுரையில் கூறவேண்டும். மற்ற வல்லுநர்கள் அதைப் படித்துக் குறை நிறை கூறிய பின்னரே இன்று அது வெளியாகும். புதிய உயிரினத்திற்குச் சூட்டும் பெயரும் முறைப்படி வெளியிடப்பட்டால்தான் செல்லும்.

இந்திய நிலவியல் ஆய்வுத்துறை 1861-இல் கல்கத்தாவில் 'பாலியண்டாலஜியா இண்டிகா' என்ற வெளியீட்டைத் தொடங்கியது. அதன் தொடக்கமே நம் தென்னாட்டுக் கடற்படிவங்கள்தாம். பிளான்ஃபோர்டு தொடங்கிய அப்பணியை ஸ்டோலிக்ஸ்கா என்ற இளம் அறிஞர் தொடர்ந்து 1873-க்குள் நிறைவு செய்தார். அடுத்த ஆண்டே லடாக்கில், 36 வயதில், அவர் மறைந்தார். ஆயினும் அரியலூரில் கிடைக்கும் அம்மோனைட் என்னும் சுருள் ஓட்டுப் படிவத்தை இனங்காண அவருடைய படங்கள் இன்றும் துணைநிற்கின்றன.

இதற்கு மாறான நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. அரியலூர்ப் பக்கம் கல்லமேட்டில் கிடைத்த மாபெரும் எலும்புகளை யாதகிரி, அய்யாசாமி என்ற அறிஞர்கள் 1980-களில் 'புருகத்காயோசாரஸ்' என்ற டைனோசராக அறிவித்தனர். கால் எலும்பு மட்டுமே ஏறக்குறைய 2 மீட்டர் நீளம்! ஆனால் அவ்வெலும்புகள் சிதைந்து போயின. கட்டுரையில் விவரமும் படமும் குறைவு. ஆகவே, அது எலும்பா, கல்லாகிய மரமா என்றுகூடச் சிலர் ஐயுற்றனர். பழைய புகைப்படங்கள் 2022-இல் ஓர் இதழில் வெளிவந்த பிறகே அதைப் பற்றிய பேச்சு மீண்டும் எழுந்தது.

பொருள் அழிந்தாலும் நல்ல பதிவு நிலைக்கும். பதிவு குறைந்தாலோ மலைபோன்ற விலங்கும் ஐயத்திற்கு இடமாகிவிடும். எனவே தோழியரே, வினோதமான கல் ஒன்று கிடைத்தால் அதை அலமாரியில் வைப்பதோடு நில்லாமல், கிடைத்த இடத்தையும் நாளையும் ஒரு தாளில் குறித்து வைப்போம். அறிவியலின் முதல் பக்கம் அதுவே!