மழைநீர் வேறு, கழிவுநீர் வேறு

சாக்கடை என்னும் ஒரே சொல்லால் நாம் இரு பொருள்களைக் குறித்து வருகின்றோம். வாசலையொட்டி மழைநீர் ஓடும் கால்வாயும் சாக்கடை. மண்ணுக்கடியில் மலசலம் செல்லும் குழாயும் சாக்கடை. தமிழாசிரியர்கள் இவ்விரண்டையும் பிரித்துச் சொன்னாலன்றி, சிங்கப்பூர் தன் கழிவுநீரை ஆளும் முறை மாணாக்கருக்கு விளங்காது.

அங்கே நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கில் பெய்யும் மழை, கால்வாய்வழியே நீர்த்தேக்கங்களை அடைந்து குடிநீராகின்றது. ஆதலின் கழிவுநீர்க் குழாயில் விழும் வெடிப்பு குடிநீருக்கே கேடாகலாம். வெடிப்பின்வழி நிலத்தடி நீர் உட்புகுந்தாலும் தொல்லைதான். சுத்திகரிப்பு நிலையத்தின் சுமை வீணாகக் கூடும்.

வெடிப்பைக் காண, படக்கருவியைக் குழாய்க்குள் செலுத்துகின்றனர். பிறகு பிசினில் தோய்ந்த உறையொன்றை நுழைத்து, வெந்நீராலோ நீராவியாலோ இறுகச் செய்கின்றனர். பழைய குழாய்க்குள்ளேயே புதுக்குழாய் உருவாகிவிடுகின்றது. தெருவைத் தோண்ட வேண்டுவதில்லை. அடைப்புக்கோ பெருங்காரணம் சமையல் எண்ணெய். பலகாரம் சுட்ட எண்ணெயைக் கழுவுதொட்டியில் கொட்டும் வழக்கம் நம் வீடுகளிலும் உண்டன்றோ? அது குழாய்க்குள் உறைந்து, கல்போலாகிவிடும்.

மலவாளி எடுக்கும் முறை அந்நகரில் 1987 சனவரியில்தான் முற்றும் ஒழிந்தது. குழாய்கள் எங்கும் பரவிய பின்னும் ஒரு குறை இருந்தது. கழிவுநீரை இடையிடையே இறைத்து அனுப்பும் நிலையங்கள் பல வேண்டியிருந்தன. இயந்திரம் நின்றால் கழிவுநீர் பொங்கி வழியும். நிலையங்களுக்கான நிலமும் வீண். இக்குறையை நீக்கவே, கிராஞ்சியிலிருந்து சாங்கிவரை 48 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் அமைத்து 2008இல் முடித்தனர். அது சாய்வாகச் செல்வதால் நீர் தானே இறங்கி ஓடுகின்றது. சாங்கி நிலையத்தில் மட்டுமே அதை மேலே இறைக்கின்றனர். அங்குச் சுத்திகரிக்கப்பட்டதில் ஒரு பகுதி மேலும் தூய்மையாக்கப்பட்டு ‘நியூவாட்டர்’ ஆகின்றது. எஞ்சியது கடலுக்குச் செல்கின்றது.

மேற்கே துவாசை நோக்கிய இரண்டாங்கட்டச் சுரங்கங்களைத் தோண்டும் பணி 2023இல் நிறைவுற்றது. ஆழ்சுரங்கத்தில் பழுதுபார்ப்பது எளிதன்று. கழிவிலிருந்து எழும் வாயு அமிலமாக மாறிக் காங்கிரீட்டை அரிக்கும்; அதைத் தடுக்க உட்புறம் நெகிழி உறை பதித்துள்ளனர். பகுதி பகுதியாக அடைத்துப் பழுதுபார்க்கக் கதவுகளும், சுவரின் நிலையை மேலிருந்தே அறிய ஒளியிழைக் கம்பிகளும் இம்முறை தொடக்கத்திலேயே சேர்க்கப்பட்டுள்ளன.