வெண்மையும் ஆறும்: திருப்பூர்ச் சலவைப் பட்டறைகளின் வரலாறு

பஞ்சிலிருந்து நூற்ற நூல் பால்வெண்மை உடையதன்று. மங்கிய மஞ்சள் நிறமும் மெழுகுப்பசையும் அதனுடன் கலந்தே நிற்கும். அவற்றை நீக்குதலே வெளிற்றல் எனப்படும். தமிழகத்து வண்ணார் உவர்மண்ணும் வெள்ளாவியும் கொண்டு ஆடையை வெளுத்தனர். ஐரோப்பாவில் காரநீரில் அவித்த துணியைப் புல்வெளியில் விரித்து, புளித்த மோரில் தோய்த்து, மீண்டும் வெயிலில் இட்டனர். அது முற்றும் வெளுக்கப் பல மாதங்கள் சென்றன.

1774இல் சீலே என்பார் குளோரீன் வாயுவைக் கண்டறிந்தார். 1785இல் பெர்த்தொலே அதன் வெளிற்றுந் திறனை வெளிப்படுத்தினார். 1799இல் கிளாஸ்கோ நகரத்துச் சார்லஸ் டெனன்ற் நீறிய சுண்ணாம்பில் குளோரீனை ஏற்றிச் செய்த வெளிற்றும் தூளுக்கு உரிமம் பெற்றார். மாதங்கள் நாட்களாகக் குறைந்தன. வெயிலை நம்பியிருந்த தொழில் இரசாயனத்தையும் ஆற்றுநீரையும் நம்பலாயிற்று.

இம்மாற்றத்தின் விளைவைத் திருப்பூரில் தெளிவாகக் காணலாம். வெள்ளியங்கிரி மலையில் தோன்றும் நொய்யல் ஆறு அந்நகரினூடே ஓடிக் காவிரியை அடைகின்றது. வெள்ளைப் பனியன்களுக்குப் பெயர்பெற்ற திருப்பூர், 1980களிலிருந்து வண்ணப் பின்னலாடைகளை அயல்நாடுகளுக்குப் பெருமளவில் அனுப்பலாயிற்று. சாயம் ஏறுமுன் துணி வெளுத்தாக வேண்டும். ஆதலின் சலவைப் பட்டறைகளும் சாயப்பட்டறைகளும் நூற்றுக்கணக்கில் எழுந்தன. குளோரீனின் எச்சமும், சாயம் துணியில் பற்றுதற்கு இட்ட உப்பும் கழிவுநீருடன் ஆற்றில் இறங்கின. பாசனத்திற்கென ஒரத்துப்பாளையத்தில் 1992இல் நிறைவுற்ற அணை, சில ஆண்டுகளிலேயே கழிவுநீர்த் தேக்கமாயிற்று. கீழ்ப்புறத்து வயல்களில் உப்பேறியது. கிணற்றுநீர் குடித்தற்கு உதவாதாயிற்று.

உழவர் நீதிமன்றத்தை நாடினர். 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் பட்டறைகள் அனைத்தையும் மூடுமாறு ஆணையிட்டது. வயலிழந்த உழவர் ஒருபுறமிருக்க, வேலையிழந்த தொழிலாளர் மறுபுறம் தவித்தனர். கழிவுநீரை நுண்சவ்வுகளினூடே அழுத்தி உப்பைப் பிரித்து, அந்நீரையே மீண்டும் பயன்படுத்தும் பொறிகளை அமைத்தோர்க்கே பின்னர் அனுமதி கிட்டிற்று. குளோரீனின் இடத்தை ஐதரசன் பேரொட்சைட்டும் பெரிதும் பிடித்தது. அது சிதையுங்கால் நீரும் ஒட்சிசனுமே எஞ்சும். எனினும், பிரித்த உப்பை எங்கே சேர்ப்பது என்னும் சிக்கல் முற்றும் தீர்ந்திலது.

இவ்வரலாறு மலையகத்தார்க்கும் புறம்பானதன்று. நுவரெலியா, அட்டன் மலைகளின் ஓடைகளே மகாவலியாகவும் களனியாகவும் பெருகுகின்றன. முன்னது வயல்களுக்கும், பின்னது கொழும்பின் குடிநீருக்கும் பயன்படுகின்றது. மேற்புறத்தார் ஆற்றில் விடுவது எதுவாயினும், அதன் விலையைக் கீழ்ப்புறத்தாரே கொடுக்கின்றனர் என்பதை நொய்யல் உணர்த்தி நிற்கின்றது.